முன்பணம் கட்டும் கார் சர்வீஸ் திட்டம்: 29,000 ரூபாய் கொடுக்கலாமா?

கோயம்புத்தூரில் ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக் காருக்கு முன்பதிவு செய்திருக்கிறீர்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 9,000 கிலோமீட்டர் ஓடும் என்கிறீர்கள். ஐந்து ஆண்டு அல்லது 50,000 கிலோமீட்டர், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரைக்குமான சர்வீசுக்கு இப்போதே 29,000 ரூபாய் கட்டிவிட்டால் போதும் என்றும், அவ்வப்போது தனியாகச் செய்தால் 33,000 ரூபாய் ஆகும் என்றும் ஷோரூமில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். திட்டத்தை எடுக்காவிட்டால் வாரண்டிக்குச் சிக்கல் வரலாம் என்றும் விற்பனையாளர் சொன்னாராம். நான்கு ஆண்டுகளில் வண்டியை மாற்றிவிடும் எண்ணமும் உங்களுக்கு இருக்கிறது. இந்த நிலையில் கட்டலாமா என்பது கேள்வி. கார் சர்வீஸ் பிரிவின் கணக்குகளைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் நிலையில், இந்த விலைக்கு, டெலிவரி எடுக்கும் நாளில் கட்ட வேண்டியதில்லை. வேறு சிலருக்கு இதே திட்டம் நன்றாகவே பொருந்தும் என்பதால், காரணங்களைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஷோரூமில் ஒரே மூச்சில் மூன்று பொருள்களை விற்கிறார்கள், வாங்குபவர் மனத்தில் மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. காப்பீடு என்பது விபத்து, திருட்டு, வெள்ளம் போன்றவற்றுக்கானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் நீரில் மூழ்கிய கார்களுக்குக் கைகொடுத்தது இதுதான், சர்வீஸ் திட்டமோ வாரண்டியோ அல்ல. நீட்டிக்கப்பட்ட வாரண்டி என்பது அடிப்படை வாரண்டி முடிந்த பிறகு ஒரு பாகம் தானாகப் பழுதடைந்தால் மாற்றிக் கொடுப்பது. சர்வீஸ் திட்டம் இவை இரண்டிலும் சேராது. எந்த மாதத்தில், எத்தனை கிலோமீட்டரில், எதை மாற்ற வேண்டும் என்று கார் கையேட்டிலேயே அச்சாகியிருக்கும் வேலைக்கு முன்கூட்டியே பணம் கொடுப்பதுதான் இது. முதல் இரண்டிலும் நடக்குமா நடக்காதா என்று தெரியாத ஒரு பெரிய இழப்பை எண்ணிப் பணம் கட்டுகிறோம், ஆகவே அங்கே அச்சத்துக்குக் கொஞ்சம் இடம் உண்டு. மூன்றாவதில் தெரியாதது என்று ஏறக்குறைய எதுவும் இல்லை. ஆதலால், ‘நிம்மதியாக இருக்கலாம் சார்’ என்ற வாதம் இங்கே பொருந்தாது. கூட்டிக் கழித்துப் பார்த்தே முடிவெடுக்கலாம்.

முதலில் வாரண்டி பற்றிய அச்சத்தைத் தீர்த்துவிடுவோம், ஏனெனில் பலர் அதனாலேயே கையெழுத்துப் போடுகிறார்கள். வாரண்டி கேட்பது கால அட்டவணைப்படி சர்வீஸ் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பதைத்தான். அதற்கான பணத்தை முன்பே கட்டினீர்களா, செய்த அன்று கட்டினீர்களா என்பதைப் பற்றி அதற்கு அக்கறை கிடையாது. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போய், அன்றைக்கு ஆகும் பில்லைக் கட்டி, சர்வீஸ் புத்தகத்திலும் கணினியிலும் பதிவு செய்துகொண்டால் வாரண்டிக்கு ஒரு குறையும் வராது. வெளியே சர்வீஸ் செய்தால் மொத்த வாரண்டியும் போய்விடும் என்று கண்மூடித்தனமாக நிபந்தனை போடுவதைக்கூட இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகப் பிறப்பித்த உத்தரவில் ஏற்கவில்லை. வெளியில் செய்த தவறான வேலையால் எந்த அளவுக்குச் சேதம் ஏற்பட்டதோ அந்த அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்றது. அந்த உத்தரவு பின்னர் மேல்முறையீடுகளில் நீண்டது. நடைமுறையில் வாரண்டிப் புத்தகங்கள் இன்றும் அங்கீகரிக்கப்பட்ட இடத்தையே வலியுறுத்துகின்றன. எனவே வாரண்டிக் காலம் முடியும்வரை அங்கேயே போவதுதான் வீண் வழக்குகளைத் தவிர்க்கும் வழி என்பது என் கருத்து. ஆனால் அங்கே போவது ஒன்று, ஐந்தாண்டுப் பணத்தை அங்கே போட்டுவைப்பது வேறொன்று.

இலவச சர்வீஸ் என்பதையும் இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். புதிய காருடன் வரும் இலவச சர்வீஸ்களில் லேபர் மட்டுமே இலவசம். இன்ஜின் ஆயில், ஃபில்டர் முதலியவற்றுக்கு நாம்தான் பணம் கொடுக்கிறோம். மாருதி சுசூகி கார்களில் 1,000, 5,000, 10,000 கிலோமீட்டர்களில் வரும் மூன்று சர்வீஸ்களும் இவ்வகையானவை. திட்டத்தின் பட்டியலில் இந்த இலவச லேபரையும் ஒரு சலுகையாகக் காட்டி விலை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். எப்படியும் உங்களுக்குச் சேர வேண்டியதை உங்களிடமே விற்கும் தாள்களை நான் கண்டிருக்கிறேன்.

இனி உங்கள் தாளில் உள்ள எண்களுக்கு வருவோம். முதலாண்டு சர்வீசுக்கு 3,500, இரண்டாவதுக்கு 6,000, மூன்றாவதுக்கு 6,500, நான்காவதுக்கு 10,500, ஐந்தாவதுக்கு 6,500, ஆக மொத்தம் 33,000 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். இந்த எண்களை அப்படியே ஒப்புக்கொண்டு பேசுவோம். 29,000 கட்டினால் 4,000 ரூபாய், அதாவது 12 சதவீதம் மிச்சம் என்பது ஷோரூமின் கணக்கு. ஆனால் 33,000 ரூபாயை இன்றே யாரும் கேட்கவில்லை. அது ஐந்து ஆண்டுகளில் பரவிக் கிடக்கிறது, அதிலும் பெருந்தொகை கடைசி இரண்டு ஆண்டுகளில்தான் வருகிறது. 29,000 ரூபாயோ இன்று கையைவிட்டுப் போகிறது. அதே பணத்தை 7 சதவீத வட்டிக்கு வைப்பில் போட்டு, ஒவ்வோர் ஆண்டும் சர்வீசுக்கு வேண்டியதை எடுத்துக் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், விலைவாசி மாறாத பட்சத்தில் இந்த ஐந்து சர்வீசுக்கும் இன்று ஒதுக்கிவைக்க வேண்டிய தொகை ஏறத்தாழ 26,500 ரூபாய்தான். அந்தக் கணக்கில் திட்டம் 2,500 ரூபாய் கூடுதல் விலை.

விலைவாசி மாறாது என்று நினைப்பது நியாயமல்ல என்று நீங்கள் சொல்லலாம், அது சரிதான். உதிரிபாகமும் லேபரும் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறும் என்று கொண்டு அதே கணக்கைத் திரும்பப் போட்டால், இன்று ஒதுக்க வேண்டிய தொகை ஏறத்தாழ 31,000 ரூபாயாகிறது. இப்போது திட்டத்தால் 2,000 ரூபாய் லாபம். அனுமானத்தைச் சற்று நகர்த்தினால் லாபம் நட்டமாகவும், நட்டம் லாபமாகவும் மாறிவிடுகிறது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வித்தியாசம் ஐந்தாண்டுக்கு இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்தான். தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் தள்ளுபடியை வைத்து இந்த முடிவை எடுக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

முடிவைத் தீர்மானிப்பது வேறொரு கேள்வி: ஐந்து சர்வீசையும் அங்கேயே, ஒன்றுவிடாமல், அந்தந்த நாளில் நீங்கள் செய்யப்போகிறீர்களா? மெஸ்ஸில் மாதக் கணக்குக்குப் பணம் கட்டிவிட்டு வாரம் இரண்டு நாள் ஊருக்குப் போய்விடுபவருக்கு ஒரு சாப்பாட்டின் விலை என்ன ஆகிறதோ, அதுதான் இங்கேயும் நடக்கிறது. உங்கள் தாளின்படி இரண்டாவது முதல் ஐந்தாவது வரை எந்த ஒரு சர்வீஸைத் தவறவிட்டாலும் போகும் தொகை 6,000 ரூபாய் முதல் 10,500 ரூபாய் வரை. மொத்தத் தள்ளுபடியே 4,000 ரூபாய்தான். மூன்றாவது சர்வீசுக்குப் பிறகு வண்டியை விற்றுவிட்டால், 29,000 கொடுத்து 16,000 ரூபாய் மதிப்புள்ள வேலையைத்தான் பெற்றிருப்பீர்கள், அதாவது 13,000 ரூபாய் இழப்பு. நான்காவதையும் செய்துவிட்டு விற்றால்கூட, பெற்றது 26,500 ரூபாய்க்கான வேலை. அப்போதும் கட்டியது கூடுதல். நான்கு ஆண்டில் மாற்றும் எண்ணம் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், உங்கள் விஷயத்தில் இந்த ஒரு வரியே மற்ற எல்லாவற்றையும்விட எடை மிகுந்தது.

மீதமுள்ள சர்வீஸ் புதிய உரிமையாளருக்கு மாறிவிடும் என்று சொல்வார்கள். நிறுவனம் நேரடியாக நடத்தும் திட்டங்களில் இது பெரும்பாலும் உண்மை, ஏனெனில் திட்டம் ஆளின் பெயரில் அல்ல, வண்டியின் சேசிஸ் எண்ணில் பதிவாகிறது. ஆனால் அந்த மதிப்பு உங்கள் கைக்கு வருமா என்பது வேறு. பழைய காரை எக்ஸ்சேஞ்சில் எடுப்பவர் மாடல், ஆண்டு, ஓடிய தூரம், எத்தனையாவது உரிமையாளர், டயர், பெயின்ட் ஆகியவற்றைப் பார்த்து விலை சொல்கிறார். மீதமிருக்கும் சர்வீசுக்காகத் தனியே விலை கூட்டிக் கொடுப்பவர் அரிது.

இந்தப் பணத்தைக் கார்க் கடனிலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லக்கூடும். அப்படிச் செய்தால் 29,000 ரூபாய்க்கு 9.5 சதவீத வட்டியில் 60 மாதத் தவணை மாதம் சுமார் 609 ரூபாய் வரும். முடிவில் கட்டியிருப்பது ஏறத்தாழ 36,500 ரூபாய், அதில் 7,500 ரூபாய் வட்டி. விலைவாசி 5 சதவீதம் ஏறும் என்ற, திட்டத்துக்குச் சாதகமான கணக்கில் வந்த இரண்டாயிரம் ரூபாய் லாபமும் இந்த வட்டியில் கரைந்துவிடும். மாதம் 609 ரூபாய்தானே என்று தோன்றுவதுதான் இதிலுள்ள ஆபத்து.

விலையைப் பூட்டிவைப்பது பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். விலை ஏறாமல் பூட்டுவது, விலை இறங்கினாலும் பூட்டியே வைப்பதாகும். ஜிஎஸ்டி கவுன்சில் 2025 செப்டம்பர் 3 அன்று எடுத்த முடிவின்படி, அதே மாதம் 22ஆம் தேதி முதல் கார் உதிரிபாகங்கள் அனைத்துக்கும் ஒரே சீராக 18 சதவீத வரி வந்தது; அதற்கு முன் பல பாகங்களுக்கு 28 சதவீதம் இருந்தது. அடிப்படை விலை 1,000 ரூபாயாக உள்ள ஒரு பாகம் 1,280 ரூபாயிலிருந்து 1,180 ரூபாய்க்கு இறங்கியது. இதனால் உங்களுக்குள்ள பயன் என்னவென்றால், ‘தனியாகச் செய்தால் 33,000’ என்ற பட்டியல் எந்தத் தேதியின் விலைப்படி போடப்பட்டது என்று கேட்கலாம். பழைய வரியில் போட்ட எண்களை அப்படியே அச்சடித்துக் காட்டினால் தள்ளுபடி பெரிதாகத் தெரியும். நண்பர்களின் பழைய பில்லை வைத்து ஒப்பிடும்போதும் இந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

திட்டத்தில் என்ன இருக்கிறது என்பதை ஆராயும்போது, பெரும்பாலானோர் எத்தனை சர்வீஸ் என்று எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது எந்த சர்வீஸ் என்பதை. ஒரு சாதாரண பெட்ரோல் காரில் 10,000 கிலோமீட்டர் சர்வீஸ் என்பது இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டிரெயின் பிளக் வாஷர், சில சோதனைகள், அவ்வளவுதான். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிரேக் ஆயில் போன்றவை பல கார்களில் 40,000 கிலோமீட்டரை ஒட்டியோ நான்காம் ஆண்டை ஒட்டியோ ஒன்றாக வந்து சேர்கின்றன; உங்கள் தாளில் நான்காவது சர்வீஸ் மட்டும் 10,500 ரூபாயாக இருப்பது அதனால்தான். மூன்று ஆண்டு அல்லது 30,000 கிலோமீட்டர் என்று விற்கப்படும் மலிவான திட்டங்கள் இந்தப் பெரிய சர்வீசுக்குச் சற்று முன்னதாகவே முடிந்துவிடுகின்றன. அத்தகைய திட்டத்தில் மூன்று சின்ன சர்வீசுக்குத்தான் பணம் கட்டுகிறீர்கள், அதிலும் ஒன்றில் லேபர் ஏற்கெனவே இலவசம். எனவே மூன்றாண்டுத் திட்டத்தை நான் பொதுவாக யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

ஐந்தாண்டுத் திட்டத்தில் வேறொரு நுட்பம் இருக்கிறது. அடிப்படை வாரண்டி இப்போது பல நிறுவனங்களில் மூன்று ஆண்டு. மாருதி சுசூகியும் 2024 ஜூலையில் தன் வாரண்டியை 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டராக உயர்த்தியது. நீட்டிக்கப்பட்ட வாரண்டி வாங்காதவர் நான்காம் ஆண்டில் எந்தக் கவலையும் இன்றி நம்பிக்கையான வெளி மெக்கானிக்கிடம் போகலாம். அந்த நிறுவனத்தின் அசல் ஃபில்டரையும் ஆயிலையும் உதிரிபாகக் கடையில் வாங்கிக் கொடுத்தால் அவர் வாங்கும் லேபர் ஷோரூம் லேபரைவிடக் கணிசமாகக் குறைவாகவே இருக்கும். ஆக, வெளியே போகும் சுதந்திரம் கிடைக்கும் அதே ஆண்டில்தான் செலவு மிகுந்த சர்வீசும் வருகிறது. அந்த ஆண்டுக்கான பணத்தைத்தான் ஐந்தாண்டுத் திட்டம் இன்றே வாங்கிவைத்துக்கொள்கிறது. வாரண்டி முடிந்ததும் வாடிக்கையாளர் கைநழுவிப் போவது எல்லா டீலர்களுக்கும் உள்ள கவலை; அதற்கு அவர்கள் கண்ட விடை இது. அதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் உங்களுக்குத் தரப்படும் தள்ளுபடி, உங்களை இரண்டு ஆண்டு கூடுதலாகத் தக்கவைத்துக்கொள்வதற்கு அவர்கள் கொடுக்கும் விலை என்பதை மனத்தில் வைத்துப் பேரம் பேசலாம். நீட்டிக்கப்பட்ட வாரண்டியும் எடுக்கப்போகிறீர்கள் என்றால் இந்த வாதம் வலுவிழக்கும், ஏனெனில் அப்போது எப்படியும் அங்கீகரிக்கப்பட்ட இடத்துக்கே போவீர்கள்.

திட்டத்தின் பட்டியலில் இல்லாதவைதான் பில்லைப் பெருக்குகின்றன என்பது சர்வீஸ் பிரிவில் இருந்தவர்கள் அனைவரும் அறிந்தது. சர்வீஸ் பில்லில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று கையேடு கேட்பது. மற்றொன்று சர்வீஸ் அட்வைசர் பரிந்துரைப்பது: ஏசி கிருமிநீக்கம், த்ராட்டில் பாடி சுத்தம், இன்ஜெக்டர் சுத்தம், அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு, இன்ஜின் அறைக்கு மெருகு, உள்பக்க ஷாம்பூ, கண்ணாடிப் பூச்சு. திட்டம் முதற்பகுதியை மட்டுமே அடக்குகிறது. இரண்டாம் பகுதிக்கு அட்வைசருக்கு மாத இலக்கு இருக்கிறது. ‘சர்வீஸ் உங்களுக்கு ஃப்ரீ சார், இது மட்டும் ஆயிரத்து எண்ணூறு’ என்று சொல்லும்போது, முழு பில்லும் கட்ட வேண்டியவர் யோசிக்கும் அளவுக்குத் திட்டம் வைத்திருப்பவர் யோசிப்பதில்லை. கையிலிருந்து அன்று எதுவும் போகவில்லை என்ற எண்ணம் இளக்கத்தைத் தருகிறது. 29,000 ரூபாய் கட்டியவர் ஐந்தாண்டில் இதற்கு மேல் எவ்வளவு கட்டினார் என்று கூட்டிப் பார்த்தால் பல நேரம் முகம் மாறிவிடும். திட்டம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், செய்யப்போகும் வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டில் கையெழுத்திடும் முன் கையேட்டின் அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாதவற்றுக்குக் காரணம் கேளுங்கள். வீட்டுச் செலவைக் குறைக்க இந்த ஒரு பழக்கம் எந்தத் தள்ளுபடியையும்விட உதவும்.

பிரேக் பேட், கிளட்ச், வைப்பர் பிளேடு, பல்பு, சஸ்பென்ஷன் புஷ் போன்று தேய்ந்து போகும் பாகங்களை அடிப்படைத் திட்டங்கள் சேர்ப்பதில்லை. அவற்றுக்கு விலை கூடிய தனித் திட்டங்கள் உண்டு. நகர நெரிசலில் அதிகம் ஓட்டுபவருக்கு அது பயன்படலாம். கிளட்ச் உண்மையிலேயே சேர்ந்திருக்கிறதா, எத்தனை முறை மாற்றித் தருவார்கள் என்பதை மட்டும் எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். வீல் அலைன்மென்ட், பேலன்சிங் சேர்ந்துள்ளதா, ஆயில் எந்தத் தரம், இடையில் ஆயில் குறைந்தால் ஊற்றுவார்களா, பில்லின் அடியில் ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ என்று போடும் சில்லறைத் தொகை அடங்குமா என்பவையும் கேட்க வேண்டியவையே. அதுபோல, சர்வீஸ் நாளுக்கு முன்னும் பின்னும் எத்தனை நாள், எத்தனை கிலோமீட்டர் அவகாசம் தருகிறார்கள் என்பது மிக முக்கியம். அந்த அவகாசம் கடந்தால் அந்த சர்வீஸ் காலாவதியாகிவிடும் திட்டங்கள் இருக்கின்றன. வெளிநாட்டுப் பயணமோ வீட்டில் மருத்துவச் செலவோ வந்து வண்டி இரண்டு மாதம் ஷெட்டில் நிற்பது நடக்காத காரியமல்ல.

பணத்தை யாரிடம் கட்டுகிறோம் என்பது அடுத்தது. கார் நிறுவனமே நடத்தும் திட்டம் ஒரு வகை: டொயோட்டாவின் ‘ஸ்மைல்ஸ் பிளஸ்’, ஸ்கோடாவின் ‘சூப்பர்கேர்’, பிஎம்டபிள்யூவின் ‘சர்வீஸ் இன்க்ளூசிவ்’ போன்றவை இவ்வகையின. இவை நிறுவனத்தின் கணினியில் பதிவாவதால் ஊர் மாறினாலும் அந்த நிறுவனத்தின் மற்ற சர்வீஸ் சென்டர்களில் பயன்படுத்த வழி இருக்கும். டீலர் தன் சொந்தப் பெயரில் விற்கும் பேக்கேஜ் மற்றொரு வகை. அது அந்த டீலரின் கிளைகளில் மட்டுமே செல்லும், அவர் கடையை மூடினால் அதுவும் மூடும். ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். நிறுவனமே வெளியேறுவதும் நம் நாட்டில் நடந்ததுதான். ஜெனரல் மோட்டார்ஸ் 2017 மே மாதத்தில் அறிவித்து அந்த ஆண்டு முடிவோடு இந்தியாவில் ஷெவர்லே விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலையில் 2022இல் உற்பத்தி நின்றது. இரண்டு நிறுவனங்களும் சர்வீசும் உதிரிபாகமும் தொடரும் என்று சொல்லின. ஆனாலும் பக்கத்தில் இருந்த ஷோரூம் மூடப்பட்டு, அடுத்த மாவட்டத்துக்கு வண்டியை ஓட்டிச் செல்ல வேண்டிவந்தால், முன்பணம் கட்டியவருக்கு அது ஒரு செலவுதான். உங்கள் கார் நிறுவனத்துக்கு இப்படி நேரும் என்று நான் சொல்லவரவில்லை. ஐந்தாண்டு என்பது அப்படியொன்றும் குறுகிய காலம் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி, யாருக்குப் பொருந்தும்? ஆண்டுக்கு 25,000 கிலோமீட்டர் ஓட்டும் விற்பனைப் பிரதிநிதி ஒருவர் 50,000 கிலோமீட்டரை இரண்டே ஆண்டில் முடித்துவிடுவார். அவருக்கு ஐந்து சர்வீசும் சீக்கிரமே வந்துவிடுவதால் வட்டி இழப்பு அற்பம், பெரிய சர்வீசும் வாரண்டிக் காலத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது, எப்படியும் அங்கீகரிக்கப்பட்ட இடத்துக்கே போகிறார். தாளில் காட்டிய தள்ளுபடி அவருக்கு ஏறக்குறைய அப்படியே கிடைக்கும். ஐரோப்பிய நிறுவனக் கார்களில், குறிப்பாக சொகுசுக் கார்களில், உதிரிபாக விலை அதிகம், வெளியே வேலை தெரிந்த மெக்கானிக்கும் எளிதில் கிடைப்பதில்லை; அங்கே திட்டம் எடுக்காமல் இருப்பதற்குத்தான் காரணம் தேட வேண்டும். கார் பற்றி ஒன்றும் தெரியாது, பில்லில் பேசவும் பிடிக்காது, பணம் பெரிய பிரச்சினையில்லை என்பவருக்கும், வயதான பெற்றோரின் வண்டியை வெளியூரிலிருந்து கவனித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் இரண்டாயிரம் ரூபாய் கூடக் கொடுத்துத் தொல்லையைத் தவிர்ப்பது நியாயமான செலவே. மாறாக, மின்சாரக் காருக்கான திட்டத்தை மிகவும் எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டும்: அதில் இன்ஜின் ஆயில் இல்லை, ஃபில்டர் என்றால் ஏசி ஃபில்டர், அத்துடன் கூலன்டும் பிரேக் ஆயிலும்தான், வேகம் குறைக்கும்போது மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிப்பதால் பிரேக் பேடும் நெடுநாள் உழைக்கும். வாடகை வண்டியாக ஓட்டுபவர்கள், மஞ்சள் பலகைக்குத் திட்டம் செல்லுமா என்பதை முதலில் கேட்டுவிட வேண்டும்.

திட்டத்தை வாங்கினால்தான் வண்டி தருவோம், அல்லது டெலிவரி தேதி தள்ளிப்போகும் என்று யாராவது சொன்னால், அது பேரம் அல்ல. ஒன்றை வாங்குவதற்கு மற்றொன்றை வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோரின் தேர்வைக் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறையாக வகைப்படுத்துகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் கட்டிய பிறகு சொன்ன சேவையை மறுத்தால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாக இருந்தால் கட்டணமும் இல்லை. அங்கே விற்பனையாளரின் வாய்ச்சொல் நிற்காது, கையில் உள்ள தாள்தான் நிற்கும். ஆகவே எந்தெந்தப் பாகம், எந்தக் கிலோமீட்டரில், எத்தனை முறை என்ற முழுப் பட்டியலையும், ரத்து செய்தாலோ விபத்தில் வண்டி முழுச் சேதம் என்று அறிவிக்கப்பட்டாலோ மீதிப் பணம் வருமா என்ற விவரத்தையும் நிறுவனத்தின் முத்திரையுடன் கேட்டு வாங்காமல் பணம் கட்டக் கூடாது. ‘அதெல்லாம் சிஸ்டத்தில் இருக்கும் சார்’ என்றால், சிஸ்டத்திலிருந்து அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள்.

உங்கள் விஷயத்துக்குத் திரும்பினால், அவசரமே இல்லை. பல திட்டங்களை டெலிவரி நாளுக்குப் பிறகும், ஒரு குறிப்பிட்ட காலமோ கிலோமீட்டரோ கடக்கும்வரை வாங்க முடியும். உங்களுடையதில் அந்தக் கடைசி நாள் எது என்பதை மட்டும் இப்போது கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். டெலிவரி நாளில் பத்து லட்சத்துக்குக் கையெழுத்திடும் கைக்கு 29,000 ரூபாய் சிறியதாகத் தெரியும், அதனால்தான் அன்றைக்கே கேட்கிறார்கள். முதல் இரண்டு இலவச சர்வீஸ்களை முடித்துப் பார்த்தால் அந்த சர்வீஸ் சென்டர் எப்படி வேலை செய்கிறது, சொன்ன நேரத்தில் வண்டி தருகிறார்களா, கேட்காததைப் பில்லில் சேர்க்கிறார்களா என்பது புரிந்துவிடும். நான்கு ஆண்டில் மாற்றுவதா வைத்துக்கொள்வதா என்பதிலும் மனம் சற்றுத் தெளிந்திருக்கும். அப்போது வண்டியை ஆறேழு ஆண்டு வைத்துக்கொள்வது, நீட்டிக்கப்பட்ட வாரண்டியும் எடுப்பது என்று முடிவானால், விலை 26,000 ரூபாயை ஒட்டி வந்தால் வாங்குங்கள். ஆண்டு முடிவிலும் பண்டிகைக் காலத்திலும் இந்த அளவு இறங்கிவருவது கடினமல்ல. நான்கு ஆண்டில் மாற்றுவதுதான் உறுதி என்றால், அந்த 29,000 ரூபாயை வைப்பில் போட்டு, ஒவ்வொரு சர்வீசின் பில்லையும் அதிலிருந்து கட்டிவாருங்கள்.